குருவிப் பாவம்

பூவாத்தாளுக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்கு அவள் வளர்த்த குருவிகளின் பாவம்தான் காரணம் என்று எங்கள் வீதியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பில் நான்தான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றவர்களையும் பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பூவாத்தாள் கல்யாணமாகி வந்தது 1927இல். குருவி வந்தது 1933இல். நடுவில் ஆறு வருஷம் இருக்கிறது. அந்த ஆறு வருஷமும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அது எந்தக் குருவியின் பாவம்? இந்தச் சின்னக் கழித்தலைப் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் தேர்முட்டிக்குப் பின்னால் என் வீடும் அவள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. புழக்கடையில் இடுப்பளவு மண்சுவர் ஒன்றுதான் நடுவில். அவள் புருஷன் பாலுசாமி பஞ்சாலையில் மேஸ்திரி. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அவருடைய அம்மா மாரியாத்தாள் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் இருந்தார். மாசம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, மருமகளின் வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

பூவாத்தாளுக்குக் குருவியைக் கொடுத்தது கோட்டைமேட்டு ஹபீபுன்னிசா. ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் சிநேகம். ஹபீபுன்னிசாவின் புருஷன் அப்துல் முத்தலிப் அத்தர் வியாபாரி. சென்னைப் பட்டணம் போய்வரும்போது வாங்கிவந்த ஜாவாக் குருவிகள் அவர்கள் வீட்டு முற்றத்தில் குஞ்சு பொரித்துப் பெருகியிருந்தன. சாம்பல் உடம்பு, வெள்ளைக் கன்னம், மிளகாய்ப்பழ நிறத்தில் தடித்த அலகு. பூவாத்தாள் தையலை மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஒரு சோடியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார் ஹபீபுன்னிசா.

இரண்டு வருஷத்தில் அந்த ஒரு சோடி இருபத்தாறு குருவி ஆயிற்று. மாடு இல்லாமல் கிடந்த கொட்டகைக்குக் கம்பிவலை அடித்து, பக்கவாட்டில் ஓட்டை வைத்த சின்ன மண்கலயங்களைக் குயவரிடம் சொல்லிச் செய்து, வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கூடு பின்னக் கொழுக்கட்டைப் புல்லைக் காயவைத்துப் போடுவாள். மேலே மெத்தைக்குப் பூளைப்பூ. பாலுசாமி ஒரு தடவை ஆலையிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்த நூல் ஒரு குஞ்சின் காலில் சுற்றி இறுக்கிவிட்டது. அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையால் அந்த நூலை அறுத்தாள். காலும் பிழைத்தது, குஞ்சும் பிழைத்தது. அதற்குப் பிறகு ஆலைப் பஞ்சைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை.

ஜாவாக் குருவியில் சேவலுக்கும் பொட்டைக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. பாடினால் சேவல், அவ்வளவுதான். காலையில் இவள் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்து, பாடியது எது என்று பார்த்து, காலில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுவாள். அடைகாக்கும் கலயத்துக்குள் கையை விட மாட்டாள். குஞ்சுகள் கத்துவதைக் கேட்டே எத்தனை என்று சொல்வாள். நான் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகக் காட்டாத பொறுமை அது.

இப்படி ஒருத்தி இருந்தால் நம்மவர்களுக்குப் பொறுக்குமா? "அடைச்சு வெச்ச குருவி சாபம் உட்டா, அந்த ஊட்டுல தொட்டில் ஆடுமா?" என்று மாரியாத்தாளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். ஜோசியர் ஒருவரும் ஆமாம் போட்டார். வீட்டுக்குப் பெரியவர் தன் கையால் குருவிகளைத் திறந்துவிட வேண்டும், உடையவள் ஊரில் இருக்கக் கூடாது என்று பரிகாரமும் சொன்னார்.

1935இல் ஆடிப் பதினெட்டு நோம்பிக்குப் பாலுசாமி பெண்டாட்டியைக் கொடுமுடிக்குக் கூட்டிப்போனார். காவிரியில் முழுகிக் கும்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்றார். எட்டு வருஷத்தில் அவர் தானாக அவளை ஓரிடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பூவாத்தாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாவது கலயத்தில் நாலு குஞ்சு இருந்தது. இறகு முளைக்க ஆரம்பித்த சமயம். தினையை ஊறவைத்துத் தண்ணீர் மாற்றுவதற்கு மாமியாருக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். மாமியாரும் மூன்று தடவையும் தலையாட்டினார்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கொட்டகையில் படபடவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மாரியாத்தாள் குளித்து முழுகி, ஈரத்தலையோடு, துடைப்பத்தால் குருவிகளை வெளியே விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? அதுல குஞ்சு இருக்குதுங்க" என்றேன்.

"புண்ணிய காரியம் நடக்கறப்ப குறுக்க பேசாதீங்க டீச்சரம்மா. எம்பட ஊட்டு வம்சம் தழைக்கறதுக்குப் பண்றனுங்க."

இன்னொரு வீட்டு விஷயம், பள்ளிக்கூடத்துக்கு மணியாகிவிட்டது என்று இரண்டு சாக்கை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன். மற்றவர்கள் மேல் இருக்கிற கோபத்தில் கால்வாசியாவது என் மேலேயே இருக்கிறது.

சாயங்காலம் நான் வரும்போதுதான் அவர்களும் ரயிலடியிலிருந்து வந்து இறங்கினார்கள். அவள் மடியில் கொடுமுடிக் குங்குமம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே போனாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் சுவரைத் தாண்டி ஓடினேன்.

குருவிகள் திரும்ப வந்துவிடக் கூடாதென்று மாரியாத்தாள் கதவைச் சாத்திக் கம்பியால் கட்டியிருந்தார். கம்பிவலையின் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டை தொற்றிக்கொண்டு கிடந்தது. அலகு முழுக்க ரத்தம். காலையிலிருந்து வலையைக் கொத்தியிருக்கிறது. உள்ளே கலயத்தில் குஞ்சுகள் கத்தும் சத்தம் அதற்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. முருங்கைமரத்தடியில் காக்கை கிழித்துப் போட்ட இறகுகள் கிடந்தன.

பூவாத்தாள் கம்பியை அவிழ்த்தாள். கதவு திறந்ததும் பொட்டை அவள் தோளை உரசிக்கொண்டு நேராகக் கலயத்துக்குள் போயிற்று. நாலு குஞ்சில் இரண்டு பிழைத்தன. அடுத்த மூன்று நாளில் தாய்ப்பறவையோடு சேர்த்து ஒன்பது குருவிகள் தாமாகத் திரும்பி வந்தன. பாக்கி எல்லாம் காக்கைக்கும் பூனைக்கும் போயிற்று. இதுதான் அந்த அம்மாள் சம்பாதித்த புண்ணியம்.

ஊரிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அவள் மாமியாரைத் திட்டவில்லை. புருஷன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பாலுசாமி கொடுமுடியிலிருந்து கொண்டுவந்த பையைக் கீழே வைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்!

சாபம் தீரவில்லை, குருவிகள் திரும்பி வந்துவிட்டனவே என்று அடுத்த பேச்சு ஆரம்பமாயிற்று. ஆவணியில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியது. மாரியாத்தாளின் அண்ணன் மகள் ராசாத்தாளைப் பாலுசாமிக்கு இரண்டாந்தாரமாகக் கட்டுவது என்று முடிவாகியிருந்தது. மூத்தவள் தன் கையால் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தால் ஊர் வாய் பேசாது. அதற்காகத்தான் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். தட்டைக் கொடுத்தால் அந்த வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். கொடுக்காவிட்டால் அதுவும் கிடையாது. இந்தத் தடவை நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன்.

"குடு அம்மணி. உனக்கு ஒண்ணும் குறை வெச்சுப்போட மாட்டோம்" என்றார் மாரியாத்தாளின் அண்ணன்.

பூவாத்தாள் தட்டைத் தொடவில்லை.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க மாமா. போன வருஷம் ஒரு சோடி மூணு ஈடு முட்டை வெச்சுதுங்க. மூணு ஈடும் கூமுட்டை, ஒண்ணுகூடப் பொரியலீங்க. நானும் உங்களாட்டவே பொட்டை மேலதான் குறைன்னு நெனச்சு, அதுக்கு வேற தீனி போட்டுப் பார்த்தனுங்க. ஹபீபுன்னிசாக்காதான் சேவலை மாத்திப் பாருன்னாங்க. மாத்தினேன். அதே பொட்டை அஞ்சு குஞ்சு பொரிச்சுதுங்க. அந்தச் சேவலை வேற ரெண்டு பொட்டையோட உட்டுப் பார்த்தேன். மறுக்காவும் கூமுட்டைதானுங்க."

மாரியாத்தாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பூவாத்தாள் நிறுத்தவில்லை.

"என்னைய மூணு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு பேரும் எனக்கு ஒரு குறையுமில்லைன்னாங்க. ஊட்டுக்காரரையும் கூட்டியாங்கன்னு மூணு பேரும் சொன்னாங்க. அவுரு ஒருக்காக்கூட வரலீங்க. இந்தப் புள்ளையக் கட்டறதுக்கு முன்னாலயாச்சும் வரச் சொல்லுங்க. அதுக்கப்பறம் நானே தட்டை எடுத்துக் குடுக்கறனுங்க."

எட்டு வருஷமாகச் சத்தம் போடாத பாலுசாமி அன்றைக்குச் சத்தம் போட்டார். "பொம்பள பேசற பேச்சா இது? என்னையக் குருவியோட சேத்துப் பேசறயா?" பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளைத்தான் ஏசினார்கள். தட்டை மாரியாத்தாளே எடுத்துக் கொடுத்தார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயசு, பெண்ணுக்குப் பதினேழு. சாப்பாடு பிரமாதம் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். நான் போகவில்லை.

பூவாத்தாள் ஒரு டிரங்குப் பெட்டியையும் ஒன்பது குருவிகளையும் பிழைத்த இரண்டு குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். என் கொட்டகையில் இப்போது அறுபதுக்கு மேல் இருக்கின்றன. பொள்ளாச்சி, ஈரோடு என்று எங்கிருந்தோ ஆட்கள் அவளைத் தேடி வருகிறார்கள். வீதியில் மட்டும் கல்யாணம், சீர் என்று எதற்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. அவளோடு இருக்கிற பாவத்துக்கு என்னையும் நிறுத்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

மூன்று வருஷம் ஓடியது. ராசாத்தாளுக்கும் வயிறு திறக்கவில்லை. போன மாசம் வந்திருந்த மாரியாத்தாள் மண்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எங்கள் குருவிகளின் சத்தம் சுவர் தாண்டி வந்து மருமகளின் காதில் விழுவதுதான் காரணம் என்று கத்தினார். கொட்டகையைப் பிரிக்க வேண்டுமாம்! நான் விளக்குமாற்றைத் தேடினேன். பூவாத்தாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அதற்கு மறுநாள் மத்தியானம், மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ராசாத்தாள் சுவரைத் தாண்டி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். மூன்று வருஷத்தில் பத்து வயசு கூடினாற்போல இருந்தாள். கம்பிவலைக்குப் பக்கத்தில் போய் நெடுநேரம் நின்றாள். கூடத்தில் அன்றைக்கு நடந்த பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"ஏனுங்கக்கா, அந்தச் சேவல் எதுங்க?"

பூவாத்தாள் கையைக் காட்டினாள். மேல்குச்சியின் ஓரத்தில் பச்சை நூல் கட்டிய குருவி ஒன்று தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.

"அதைய ஒண்ணும் பண்ணலீங்களா?"

"எதுக்குக் கண்ணு பண்ணோணும்? அது மேல என்ன தப்பு? தீனி வெக்கறேன், திங்குது, பாடுது" என்றாள் பூவாத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னாள். "குஞ்சு இல்லைன்னு அது எந்தப் பொட்டை மேலயும் பழி போடலயே."

சுவருக்கு அந்தப் பக்கம், அப்போதுதான் சாப்பாட்டுக்கு வந்திருந்த பாலுசாமி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் பாதியில் நின்றது.