நான் சாயம் போட்ட டெனிம் சட்டை

எண்பத்தாறில் யாழ்ப்பாணத்து நயினாதீவில் இருந்தோம். கப்பலில் வேலை செய்த என் கணவர், விடுமுறையில் வந்த நண்பரிடம் எனக்கு ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். சேலை என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே அவர் வேலைக்குப் போடும் பழைய டெனிம் சட்டை. முழங்கை இரண்டும் வெளிறிப் போயிருந்தன.

அயலவர் கண்டால் வெட்கம். பழஞ்சேலைக்குப் போடும் நீலச் சாயத்தைக் கொதிக்கவைத்து அதை முக்கி எடுத்தேன். கொடியில் அது ஆடியபோது கடலில் ஒரு துண்டு முற்றத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

விடைபெற வந்த அந்த நண்பர் கொடியையே பார்த்தபடி நின்றார்.

"அக்கா, ஒல்லாந்துத் துறைமுகத்தில பழைய வேலை உடுப்புச் சேர்க்கிற ஒருத்தர் இதை விலைக்குக் கேட்டவர். அண்ணை குடுக்கேல்லை. தான் பட்ட பாட்டைக் கடிதத்தில எழுத ஏலாது, இந்தச் சட்டையைப் பாத்தா உங்களுக்கு விளங்கும் எண்டவர்."

அதன்பின், சாயம் போகட்டும் என்று நாள்தோறும் கிணற்றடியில் அதைத் தோய்த்தேன். தண்ணீர் நீலமாகவே ஓடியது. பல மாதம் கழித்து ஒரு காலையில், வலது முழங்கை மெல்ல வெளிறித் தெரிந்தது.

அது அவர் உழைத்து வெளிறியதா, நான் தோய்த்து வெளிறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.