நகரசபைக் கணினியில் ஒரு சந்தனப் பொட்டு

காலை ஒன்பது பத்துக்கு மகளின் குறுஞ்செய்தி வந்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் நான் வேலை செய்யும் மளிகைக்கடையில் அப்போதுதான் முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்திருந்தேன். "அப்பா, என் கணினியில் பொட்டு வைத்தது நீங்களா?" என்று பிரெஞ்சில் கேட்டிருந்தாள்.

நான்தான். முதல்நாள் சரஸ்வதி பூசை. ஆரணி எங்கள் புறநகர் நகரசபையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். சோதனைக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வேலைக் கணினியைப் புத்தகங்களோடு வைத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டேன். காலை அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. கவுண்டரில் திறந்து வைத்தபோது, மூடியிலிருந்த பொட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்தது. அரசாங்க ஊழியரிடம் மத அடையாளம் தெரியக்கூடாது என்பது இங்கே சட்டம், லாயிசித்தே என்பார்கள். ஒருவர் முறைப்பாடு செய்துவிட்டார் என்று அடுத்த செய்தியில் எழுதினாள்.

பிள்ளையின் வேலை போய்விடும் என்ற பயத்தில் ரயில் பிடித்து நகரசபைக்கு ஓடினேன். "பிழை என்னுடையது, மதாம். வருசத்தில் ஒருநாள் வேலை செய்யும் கருவிக்கு மரியாதை செய்வோம்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

"கணினியையா வணங்குகிறீர்கள்?" என்றார் ஆரணியின் பொறுப்பாளர்.

"கத்தரிக்கோல், சைக்கிள், எல்லாவற்றையும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஊரில் நான் கடவுச்சீட்டுக்கு நின்ற கந்தோரில் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர் இருந்தார். அவர் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கந்தோர் யாருடையது என்பதை, அவரை அங்கே வைத்தவர்கள் சொல்லாமலே சொல்லியிருந்தார்கள். அதனால் இந்த நாட்டின் வெறுஞ்சுவரை விரும்பி ஏற்றவன் நான். முறைப்பாடு செய்தவருக்கு என் பொட்டு அந்தப் புத்தரைப் போலத் தெரிந்திருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன டிசம்பரில் இதே மண்டபத்தில் மாட்டுத்தொழுவமும் குழந்தை யேசுவும் இருந்ததை நான் கண்டேன். அதைக் கேட்டேன்.

"அது பண்பாடு, மிசியு."

என் சந்தனம் மதம், அவர்களுடைய தொழுவம் பண்பாடு. இதை நான் ஏற்கமாட்டேன். சுவர் வெறுமை என்றால் எல்லாருக்கும் வெறுமையாக இருக்கட்டும். அதையும் சொல்லிவிட்டு, கடைக்குத் திரும்பி முருங்கைக்காய் அடுக்கினேன். இரண்டு முறிந்தன. பிள்ளையின் சோற்றில் மண் போட்டுவிட்டேனோ?

மாலை ஆறரைக்கு ஆரணி கடைக்குள் வந்தாள்.

"துடைச்சனியோ?"

"ஓம். அவையளுக்கு முன்னாலயே துடைச்சனான்." எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்பவள் தமிழில் சொன்னாள்.

"வேலை?"

"இருக்கு. ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தவை. நீங்கள் பயந்து முருங்கைக்காயை முறிக்காதேங்கோ."

கணினியைக் கல்லா மேசையில் வைத்தாள். மூடியிலிருந்த நகரசபைச் சின்னத்தின் மேல் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

"நானும் ஒரு கடிதம் குடுத்தனான். இந்த வருசம் தொழுவம் வைக்கக் கூடாதெண்டு."

"ஐயோ பிள்ளை, அங்கை வேலை செய்துகொண்டோ?"

"வேலைக்காறியாய் இல்லையப்பா," என்றாள். "அந்த ஊர்க்காறியாய்."