துர்க்காவுக்கு வைன் மணத்த ஞாயிற்றுக்கிழமை

வோபர்னில் உள்ள மதுக்கடையில் வைன் பகுதி துர்க்காவின் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மகள் சாராயக்கடையில் நிற்கிறாள் என்று சொல்லக் கூச்சப்பட்டு, தாய் எல்லோருக்கும் ‘கொம்பனி வேலை’ என்றே சொல்லி வந்தார். துர்க்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலை வகுப்புக்குப் போய் வைனைப் பற்றிப் படித்தாள்.

ஆட்டிறைச்சிக் கறியென்றால் பிராந்தியைத் தவிர வேறெதையும் நினைக்காத நம்மவர்களை மறித்து, நயாகராப் பக்கத்துப் பாகோ நுவாரைக் கையில் கொடுத்து அனுப்புவாள். நாவற்பழத்தை நினைவூட்டும் கருஞ்சிவப்பு வைன் அது. விழுங்கிய பின் இலேசாகப் புகை மணக்கும். அதன் புளிப்பு கறியின் கொழுப்பை வெட்டும். துவர்ப்புக் குறைவென்பதால் உறைப்பைக் கிளப்பாது. றால் குழம்புக்கு மட்டும் அதை வாங்க விடமாட்டாள். வாயில் இரும்பு ருசி தட்டும் என்பாள்.

போன மாரியில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மணத்தையும் கொண்டுபோய்விட்டது. கோப்பியும் சவர்க்காரமும் அவளுக்கு ஒன்றாயின. கணவன் அன்புராசாவுக்கு மட்டும் அது தெரியும். கடையில் அவள் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. கிளாசைச் சுழற்றி, மூக்கருகே பிடித்து, முன்பு அறிந்ததை நினைவிலிருந்து சொல்லிச் சமாளித்தாள்.

ஒரு சனிக்கிழமை, வாடிக்கையாளருக்கு ருசி காட்டும் மேசையில் பாகோ நுவாரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பல வருடமாக அவளிடமே வைன் வாங்கும் எட்வேட் அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, “தங்கச்சி, உதில நனைஞ்ச சாக்கு மணக்குது,” என்றார்.

தக்கை பழுதான போத்தல். முன்பென்றால் திறந்த கணமே பிடித்திருப்பாள். இப்போது அந்தப் போத்தலின் புகழைப் பாடி நாலைந்து பேருக்கு ஊற்றிக் கொடுத்தும் விட்டாள். மன்னிப்புக் கேட்டு வேறொன்றைத் திறந்தாள். பிறகு நேரே பின்னறைக்குப் போய், மனேஜர் மாக்கஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யாக மணந்து காட்டியதையும் மறைக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

மாக்கஸ் தன் மனைவிக்கும் இப்படித்தான் மணம் போனது, திரும்பிவர ஒரு வருடம் பிடித்தது என்றார். அதுவரை போத்தல்களைத் திறந்து மணந்து பார்ப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று சொல்ல அவளை விட்டால் ஆளில்லை என்றும் சொன்னார். அடுத்த முறை முதல் நாளே சொல்லவேண்டும் என்று மட்டும் கண்டித்தார். துர்க்கா கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். அன்றிரவு மாதக்கணக்கில் வராத நித்திரை வந்தது.

மணம் வர இன்னும் சில வாரம் சென்றது. ஒரு ஞாயிறு மத்தியானம் அன்புராசா ஆட்டுக்கறி வைத்தார். துர்க்கா பழக்கதோசத்தில் பாகோ நுவாரை ஊற்றி, கிளாசை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

“இஞ்சருங்கோ, கறி அடிப்பிடிக்குது.”

அன்புராசா சட்டியைக் கிளறிப் பார்த்தார். “ஒண்டும் பிடிக்கேல்லையே.” பிறகு அகப்பையோடு திரும்பினார். “என்னப்பா, உமக்கு மணக்குதோ?”

அவள் கிளாசை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள். அதே புகை. சட்டியிலிருந்து அல்ல, வைனிலிருந்து. அதன் பின்னால், மெலிதாக, நாவற்பழம்.

“ஓம்,” என்றாள். அன்புராசா அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை இழுத்து அவளை இருத்தினார்.

கறியில் ஏலமும் கறுவாவும் இன்னும் பிடிபடவில்லை. தேசிக்காயை வெட்டி மணந்தாள்; வெறும் தண்ணீர். பரவாயில்லை என்றிருந்தது. ஒரு துண்டு இறைச்சி, ஒரு மிடறு வைன் என்று ஆறுதலாகச் சாப்பிட்டாள். அன்புராசா தனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு, கறிக்கு உப்புக் கூடிவிட்டதோ என்று கேட்டார். கூடித்தான் விட்டது என்று சொல்லி அவள் சிரித்தாள்.