தப்பு செய்யாத என் வீட்டுக்காரருக்காக

என் அண்ணிக்கு வெக்கமே கிடையாதுன்னு நான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். சர்ச்சே தலைகுனிஞ்சு உக்காந்திருக்கிற நேரத்துல, வாராவாரம் எழுந்து நின்னு ஒரே விஷயத்தைச் சொல்வாங்க. பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

எங்க சபையில ஒரு பழக்கம் உண்டு. பிரசங்கம் முடிஞ்சதும் போதகர் கொஞ்சம் நிறுத்துவார். யாருக்கு என்ன குறையோ, எழுந்து ஒரு வரியில சொல்லலாம். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிரசவம், மாமியாருக்கு முட்டிவலி. ஒவ்வொருத்தர் சொல்லி முடிச்சதும் சபை மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்"னு பதில் சொல்லணும். கடைசியா அண்ணி எழுவாங்க. "என் வீட்டுக்காரர் மேல தப்பில்ல. உண்மை வெளிய வரணும்"பாங்க. அதுக்கும் எல்லாரும் பதில் சொல்லித்தானே ஆகணும்? முதல் பெஞ்சுல இருக்கிற சலவைக் கம்பெனி முதலாளியும் சொல்வார். என் அண்ணன் மேல பழியைப் போட்டதே அந்த ஆள்தான்.

ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் படுக்கை விரிப்பு துவைச்சுக் கொடுக்கிற கம்பெனி அது. அண்ணன் அங்க பெரிய இஸ்திரி மெஷின்ல வேலை பார்த்தார். ஈர விரிப்பை முன்னாடி கொடுத்தா, சூடான உருளைக்கு அடியில போய், பின்னாடி சுருக்கமில்லாம வரும். உருளைக்கு முன்னால ஒரு தடுப்புக் கம்பி. கை அதுல பட்டா மெஷின் நின்னுடும். தடிச்ச விரிப்பு பட்டாலும் நின்னுடும், அதுதான் வம்பு. வேலை தாமதமாகுதுன்னு, பழைய விரிப்புல ஒரு நாடா கிழிச்சு அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டச் சொன்னது சூப்பர்வைசர். முதலாளி தினமும் அந்தப் பக்கமா நடந்து போறவர், அவருக்கும் கண்ணு தெரியும். எல்லா மெஷின்லயும் நாடா கட்டித்தான் இருந்துச்சு.

ஒரு நாள் அண்ணன் கையை உருளை இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. நாங்க அங்க கதறிக்கிட்டிருந்த நேரத்துல, கம்பெனியில மத்த மெஷின்ல இருந்த நாடாவையெல்லாம் அறுத்து எடுத்துட்டாங்க. அண்ணன் மெஷின்ல மட்டும் விட்டு வெச்சாங்க. விசாரணைக்கு வந்தவங்க கண்ணுக்கு, எல்லா மெஷினும் ஒழுங்கா இருக்கு, இவர் ஒருத்தர்தான் தன் இஷ்டத்துக்குக் கட்டியிருக்கார். அண்ணியும் அங்கதான் விரிப்பு மடிச்சாங்க, எல்லா மெஷின்லயும் நாடா இருந்ததைக் கண்ணால பார்த்தவங்க. போய்ச் சொன்னாங்க. செத்தவன் பொண்டாட்டி வேற எப்படிப் பேசுவான்னு ஒதுக்கிட்டாங்க. கூட வேலை செஞ்ச ஒருத்தரும் வாயைத் திறக்கல. அவங்கவங்களுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கே. கவனக்குறைவால வந்த சாவுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. கொன்னது போதாதுன்னு, செத்தவன் தலையிலயே பழியையும் கட்டிட்டாங்க பாவிங்க. இப்ப நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அண்ணிக்கு வேலை போச்சு. அடுக்குமாடி வீடுகள்ல படிக்கட்டு கழுவித்தான் பொண்ணை வளர்த்தாங்க. பள்ளிக்கூடத்துல எவளோ ஒருத்தி அந்தப் பொண்ணுகிட்ட, உங்கப்பா தூங்கிக்கிட்டே வேலை பார்த்து செத்தாராமேன்னு கேட்டிருக்கா. அது வீட்டுக்கு வந்து, அப்பா தூங்கினாராம்மான்னு கேட்டுச்சு. அந்த வார ஞாயித்துக்கிழமைதான் அண்ணி முதல்முதலா எழுந்து நின்னது.

சபைக் கமிட்டிக்காரங்க சும்மா இருப்பாங்களா? சர்ச்சுல சுத்துற மின்விசிறி அத்தனையும் முதலாளி வாங்கிக் கொடுத்தது. அவங்க சொல்லி, போதகர் அண்ணி வீட்டுக்கே வந்து, ஜெபம் குற்றச்சாட்டு மாதிரி இருக்கும்மா, இனிமே இன்னாருக்காகன்னு மட்டும் சொல்லுங்கன்னு இதமா கேட்டுக்கிட்டார். சரிங்கய்யான்னு அண்ணி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாங்க. அடுத்த வாரம் எழுந்து, "தப்பு செய்யாத என் வீட்டுக்காரருக்காக"ன்னாங்க. போதகருக்குச் சிரிப்பு வந்துடுச்சு, இருமி மறைச்சார். அதுக்கப்புறம் வாலிபப் பசங்க அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை வக்கீல்னு பேரே வெச்சுட்டாங்க.

எனக்குத்தான் பொறுக்கல. ஒரு நாள் கேட்டே விட்டேன். எல்லாம் முடிஞ்சு போச்சு, மேல இருக்கிறவரும் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், யாருக்காக இந்தக் கூத்துன்னு.

அண்ணி துடைப்பத்தைச் சுவத்துல சாய்ச்சு வெச்சாங்க. "அவரைச் சிலுவையில அடிச்சவங்களும் கையில தீர்ப்பை வெச்சுக்கிட்டுத்தான் அடிச்சாங்க. மூணாம் நாள் அந்தத் தீர்ப்பு என்னாச்சு? செத்தவரை எழுப்பினவருக்கு இதைத் திருப்பத் தெரியாதா?"

"எப்போ அண்ணி?"

"எப்போன்னு தெரிஞ்சா நான் ஏன் வாராவாரம் எழுந்து நிக்கிறேன்?"

அப்படிச் சொல்லிட்டு, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதாங்க. நம்பிக்கை இருக்கிறவங்க அழமாட்டாங்கன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க.

பொண்ணு காலேஜ் போற வயசுல அண்ணிக்கு இருதயம் பெருத்துப் போச்சு. ஆஸ்பத்திரியில படுக்க வெச்சாங்க. விரிப்போட மூலையில அந்தக் கம்பெனி முத்திரை. எனக்கு வந்த ஆத்திரத்துல, உடனே மாத்துங்கன்னு நர்ஸ்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன். அண்ணி என் கையைப் பிடிச்சாங்க. விடு, யாரோ கை வலிக்க மடிச்சது, மூலையெல்லாம் எவ்வளவு சரியா வந்திருக்கு பாருன்னாங்க. அந்த விரிப்புலதான் போய்ச் சேர்ந்தாங்க.

அடக்கம் முடிஞ்ச அடுத்த ஞாயிறு, பொண்ணைக் கூட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் போனேன். போக மனசே இல்ல. மத்தவங்க குறையெல்லாம் சொல்லி முடிஞ்சுது. அண்ணி எழுற நேரம். யாரும் எழல. அவங்க அந்த ஒரு வரியைச் சொல்ல ஆகிற நேரத்துக்கு சர்ச் அமைதியா இருந்துச்சு. அப்புறம், யாரும் எதுவும் கேக்காமலேயே, சபை மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்"னு சொல்லிடுச்சு. வருஷக்கணக்கான பழக்கம், வாய் தானா சொல்லிடுச்சு. முதல் பெஞ்சுக்காரர் குரலும் அதுல இருந்துச்சு. சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் உறைச்சுது. போதகர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். விசாரணையில வாயைத் திறக்காத ஒரு மனுஷன் பின்னாடி வரிசையில தேம்பிக்கிட்டிருந்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. பதிலை மட்டும் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னா எப்படி? எழுந்து நின்னேன்.

"தப்பு செய்யாத என் அண்ணனுக்காக"ன்னேன்.

மறுபடியும் எல்லாரும் பதில் சொன்னாங்க. இந்தத் தடவை முதல் பெஞ்சுல மட்டும் சத்தமில்ல.

அவங்க எழுதின தீர்ப்பு இன்னும் அப்படியேதான் இருக்கு. அண்ணி அளவுக்கு எனக்கு நம்பிக்கை வரல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை யாராவது எழுந்து நிக்கணுமே.