நூறாவது பூங்காவின் இரண்டு தேதிகள்

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டி எண்களை அறிவித்துவந்தவர் அவர். எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தில் அவருக்கு மைக்கம்மா என்று பெயர். நாளெல்லாம் பேசினாலும் யாரும் பதில் சொல்லாத வேலை அது. ரேடியோவில் பதில் வருகிறது என்பதற்காகவே உரிமம் வாங்கியதாகச் சொல்வார். வாங்கிய பிறகும் தொழில் பழக்கம் விடவில்லை. எதையும் வண்டி எண் போல இரண்டு முறை சொல்வார்.

அந்த ஆண்டுப் போட்டியில் அவர் தொண்ணூற்றொன்பது பூங்காக்களை முடித்திருந்தார். விதி எளிது. பூங்காவுக்குள் ஏரியல் கட்டி உட்கார்ந்து, ஒரே தேதியில் பத்துப் பேரைத் தொடர்பு கொண்டால் அந்தப் பூங்கா கணக்கில் சேரும். நூறைத் தொட்டவர் சங்கத்தில் எவரும் இல்லை. பதிவேடு என்னிடம் இருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன். அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு காலைப்பொழுது. குரல்நாணில் முடிச்சு. பகல் பன்னிரண்டுக்கு மருத்துவமனையில் சேர வேண்டும், மறுநாள் அறுவை சிகிச்சை, பிறகு இரண்டு மாதம் பேசக் கூடாது. அதற்குள் போட்டி முடிந்துவிடும்.

கணக்கைச் சரிபார்க்க நான் 9.00 மணிக்கு ஏரிப் பூங்காவுக்குப் போனேன். கயிற்றில் கல்லைக் கட்டி, மூன்றாவது வீச்சில் கிளைக்கு மேலே போட்டதாக அவருடைய கணவர் பெருமையாகச் சொன்னார். அவர் ரொட்டிக்கடைக்காரர். 9.05க்குப் பதின்மூன்றாவது தொடர்பு முடிந்தது. கணவர் பன் பொட்டலத்தைப் பிரிக்க, மைக்கம்மா தொடர்புகளை நேரத்தோடு குறித்த புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"என்னங்கய்யா, அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி பாக்கறீங்க?" என்றார் கணவர்.

"ஏம்மா, உங்க கடிகாரத்துல இருக்கறது நம்ம நேரமா, உலக நேரமா?"

மைக்கம்மாவின் முகம் மாறியது. ரேடியோக்காரர்களின் தேதி உலக நேரப்படி நடக்கும். எங்கள் நாட்டு நேரம் அதற்கு எட்டு மணி முந்தியது என்பதால், எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்குத்தான் அந்தத் தேதி மாறும். எட்டுக்கு முன் ஏழு பேர், பின் ஆறு பேர். பதின்மூன்று பேர் இருந்தும் எந்தத் தேதியிலும் பத்து இல்லை. மற்ற பூங்காக்களுக்கெல்லாம் வேலை முடிந்து மாலையில் போனவர். காலையில் வந்தது அன்றுதான்.

"இன்னும் நாலு பேர் வேணும்," என்றேன்.

மைக்கை எடுத்தார். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"குடு, நான் பேசறேன்," என்றார் கணவர்.

"உங்களுக்கு உரிமம் இல்லையே."

"அப்ப நீங்க பேசுங்கய்யா."

"நான் பேசினா என் கணக்குலதான் சேரும்."

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையால்ல இருக்கு."

மைக்கம்மா பையின் அடியிலிருந்து எழுத்துகளைத் தட்டியே அனுப்பும் மோர்ஸ் கருவியை எடுத்துவைத்தார். தேர்வில் தேறியதோடு சரி, மூன்றாண்டுகளாக அதைத் தொட்டதில்லை. 'மரங்கொத்திக்குச் சளி பிடித்தாற்போல் இருக்கிறது' என்று சங்கத்தில் ஒருவர் சொன்னதுதான் காரணம். சொன்னவன் நான். தேதியையும் குறித்திருக்கிறேன்.

அவர் தட்டினார். 9.31க்கு ஒருவர், 9.38க்கு ஒருவர், 9.50க்கு ஒருவர். பிறகு ஒருவரும் இல்லை. பத்தரை ஆயிற்று. பதினொன்றுக்குக் கிளம்பியாக வேண்டும். கணவர் ஏரியலைக் கழற்றவும் மனமில்லாமல், சும்மா இருக்கவும் முடியாமல் மரத்தைச் சுற்றிவந்தார்.

10.52க்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம். மறுமுனையில் இருந்தவருக்கு மைக்கம்மாவின் அழைப்புக்குறி, அதாவது உரிமத்தில் உள்ள எழுத்துகள், பிடிபடவில்லை. இரண்டு முறை திருப்பிக் கேட்டார். மைக்கம்மா ஒரு கணம் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாக, இரண்டிரண்டு முறை தட்டினார், வண்டி எண் அறிவிப்பதுபோலவே. 10.56க்கு மைக்கம்மாவின் குறி முழுதாகத் திரும்பி வந்தது.

புத்தகத்தில் கையெழுத்திட்டேன். மரங்கொத்தி பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் பன்னைப் பிட்டு ஒரு பாதியை எனக்குக் கொடுத்தார்.

நான்காம் நாள் மருத்துவமனைக்குப் போனேன்.

"வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுங்களாய்யா," என்றார் கணவர். "ரெண்டு மாசம் நிம்மதி."

மைக்கம்மா கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

"என்ன சொல்றா?"

"கடையில அடுப்பை அணைச்சீங்களான்னு கேக்கறாங்க."

கணவர் சட்டென்று எழுந்தார். கம்பியில் மறுபடியும் சத்தம்.

"இப்ப என்னங்கய்யா?"

"அதேதான். ரெண்டாவது தடவை."