கள்ளனுக்கு மரியாதை வேண்டாம்

கலியாணம் முடிந்த சில கிழமைகளில் என் கணவர் பிரான்சுக்குத் திரும்பிப் போய்விட்டார். நானும் அங்கே போக விசா வரவேண்டும். போனபின் பேச மொழி வேண்டும். அதனால் புளியந்தீவில் ஒரு கடைக்கு மேலே நடந்த பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். தொடக்கத்தில் இருக்க இடம் இருக்காது. ஒவ்வொருவருக்கும் விசா வர வர, கதிரைகள் வெறுமையாகின. கடைசியில் என் வரிசையில் நான் மட்டுமே இருந்தேன்.

"எல்லாரும் ஒரு சின்னத் திரைக்கதை எழுதிக்கொண்டு வாங்க," என்றார் ஆசிரியை ஒருநாள். "அடிதடி, துரத்தல் எல்லாம் இருக்கோணும். அப்பதான் வினைச்சொல் வாயில வரும்."

குருக்கள்மடத்து வீட்டில் அப்போது நான் தனியே. தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மா கரடியனாற்றுக்குப் போயிருந்தார். காலையில் வைத்த கறியையே இரவும் சாப்பிட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் அகராதியை விரித்துவைத்து எழுதினேன். ஒரு பெண் பொலிஸ் அதிகாரி, பெட்டியோடு ஓடும் கள்ளனைத் துரத்துகிறாள். காரில் துரத்தவிடத்தான் ஆசை. ஆனால் பிரேக்குக்கும் சில்லுக்கும் எனக்குச் சொல் தெரியாது. இருவரையும் வாவியில் தோணி ஏற்றிவிட்டேன். இறந்தகாலம் இன்னும் படிப்பிக்கவில்லை. அதனால் அவர்கள் இருவருக்கும் பழைய கதை ஒன்றும் இல்லை. ஓடுகிறார்கள், துவக்கால் சுடுகிறார்கள், தண்ணீரில் விழுகிறார்கள்.

வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வாவிக்கரைக்குப் போனேன். "அரெத்தே!" என்று கத்தினேன். நில்லுங்கள் என்று அர்த்தம். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ள, ஆரோட சண்ட?"

"ஒருத்தரோடயும் இல்ல மாமா. பாடம் படிக்கிறன்."

"மறுகா ஏன் கத்துறாய்?"

எதிர்வசனம் சொல்ல ஆளில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். ஞாயிறுகளில், வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில் அழைப்பார். "சாப்பிட்டியா?", "அங்க மழையா?" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அந்த ஞாயிறு கள்ளனின் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பி, வாசிக்கச் சொன்னேன்.

இரண்டு வரி வாசித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன இது? பொலிசும் கள்ளனும் ஆளுக்காள் 'வூ, வூ' எண்டு மரியாதையாக் கதைக்கிறாங்க. துவக்கோட நிக்கிறவள் 'நில்லுங்க' எண்டா சொல்லுவாள்? 'த்யூ' போடு."

'நீங்கள்' என்ற 'வூ'வை 'நீ' என்ற 'த்யூ'வாகத் திருத்தினேன். "நீ எங்கே போகிறாய்?" என்று பிரெஞ்சில் கேட்டேன். அவரை நான் ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. தமிழில் சொல்ல வாயும் வராது.

"தூரத்துக்கு," என்றான் கள்ளன்.

"எப்போது வருகிறாய்?"

அது நான் எழுதிய வரி இல்லை; என் வாயில் தானாக வந்தது. நான் அனுப்பியதில் அவர் அதைத் தேடியிருக்க வேண்டும். பிறகு தமிழில், "நானும் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதான் இரிக்கன். உன்ட விசாவுக்கு ஒரு பதிலும் வரல்ல," என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில், "மறுகா என்ன நடக்குது?" என்று அவரே கேட்கத் தொடங்கினார். வகுப்பில் அதை வாசித்து முடித்தாயிற்று. பிரெஞ்சில் ஆண்பாலான துவக்குக்கு நான் பெண்பால் போட்டிருந்ததை ஆசிரியை திருத்தியுமாயிற்று. ஆனாலும் புதுக் காட்சிகள் எழுதினேன். கள்ளன் பிடிபட்டால் கதை முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அவனைத் தப்பவிட்டேன்.

பின்பு அவர் இன்னொரு வேலையும் எடுத்தார். ஒரு ஞாயிறு, காட்சியின் நடுவில் அவருடைய வரி வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. எழுப்ப மனம் வரவில்லை. கள்ளனின் வரிகளையும் நானே தணிந்த குரலில் வாசித்தேன். காட்சி முடிந்தபின்னும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே அலாரம் அடித்தது. பதறி எழும்பினார்.

"நித்திரையாப் போயிட்டன் என்ன? வேலைக்கு நேரமாகிட்டு. வைக்கட்டா?"

"ஓம்," என்றேன். "கவனமாப் போங்க."