ஆவக்காய் ஜாடிக்குள் ஒரு சிவப்பு மீன்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதோடு நிற்காமல் விலங்கியலில் முதுகலையும் முடித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் அம்மா சொல்லிவிடுவாள்.

அம்மா அடையாறில் ஒரு மாமி வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டுத் தோட்டத்தில் அல்லி வளர்க்கும் சின்ன சிமென்ட் குளம் ஒன்று உண்டு. கொசுவுக்காக யார் யாரோ கொடுத்த மீன்களை மாமி அதில் விட்டிருந்தார். "எது என்ன மீன்னே தெரியலை" என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு மீனுக்குன்னே படிச்சிக்கீது மாமி. பாத்த ஒடனே பேர் சொல்லிடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை குளத்தருகே போய் நின்றேன். மாமி நோட்டும் பேனாவுமாகப் படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பெருக்குவதுபோல் ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

குனிந்து பார்த்தேன். எல்லாம் முதுகுகள். நான் படித்த மீன்கள் புத்தகத்தில் பக்கவாட்டில் இருந்தவை, இல்லையென்றால் ஆய்வகத்து பாட்டிலில் வெளுத்துப்போய் அசையாமல் நின்றவை. உயிரோடு, அதுவும் மேலிருந்து, எனக்கு எந்த மீனும் பழக்கமில்லை.

"இன்னா, பேச்சே காணோம்?" என்று அம்மா முணுமுணுத்தாள். அவள் மானம் என் நாக்கில் இருந்தது.

பொடி மீன்கள் கப்பி என்று மட்டும் தெரிந்தது. விசிறி வால் ஆண், சாம்பல் நிறம் பெண் என்றேன்.

"ரெண்டும் வேற வேற தினுசுன்னுன்னா நெனச்சுண்டிருந்தேன்" என்று மாமி எழுதிக்கொண்டார். "அந்தப் பெரிய சிவப்பு?"

அது தங்கமீனா, கோய் கெண்டையா? கோய்க்கு வாயோரம் மீசை இருக்கும். மேலிருந்து பார்த்தால் மீசை தெரியவில்லை. சமையலறை ஜன்னலோரம் வெயிலில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. எடுத்துவந்து குளத்தில் அமிழ்த்தினேன். கொஞ்சம் துரத்தியதும் சிவப்பு மீன் உள்ளே போனது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஆய்வகத்தில் பார்த்த மாதிரியே, பக்கவாட்டில் ஒரு மீன்.

"கோய்தான் மாமி. நாலு மீசை இருக்கு, பாருங்க."

மாமி மீனைப் பார்க்கவில்லை.

"அது ஆவக்காய் ஊறுகா போடற ஜாடிடி. ஒரு சொட்டு ஜலம் இருக்கப்படாதுன்னு மூணு நாளா காய வெச்சிண்டிருக்கேன்."

ஜாடிக்குள் குளத்தில் பாதி இருந்தது. அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"அது பாட்டில்ல பாத்துதான் மாமி படிச்சிது. பாட்டில் இல்லாங்காட்டி அதுக்குப் படிப்பு வராது."

மாமி என்னைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீசையை எண்ணினார்.

"நாலுதான். சரி, மத்ததையும் அதுலயே பிடிச்சுப் பார்த்துடு. ஜாடிதான் போயாச்சே."

மதியத்துக்குள் எல்லா மீன்களும் ஜாடிக்குள் வந்து பேர் வாங்கிக்கொண்டு போயின. ஜாடியை மட்டும் மாமி வீட்டுக்குள் விடவில்லை. அம்மா கையில் கொடுத்தனுப்பினார்.

என் பட்டச் சான்றிதழ் பரண்மேல் பெட்டிக்குள் இருக்கிறது. ஜாடி, வருகிறவர் கண்ணில் படும்படி அலமாரியில் இருக்கிறது. யார் கேட்டாலும் அம்மா, "பாப்பா பாஸான ஜாடி" என்கிறாள். இப்போது அதில் நெத்திலிக் கருவாடு இருக்கிறது.